படத்தின் மேல் எழுதிய எண்

திரையில் ஒரு விளக்கப்படத்தைக் காண்பவர் முதலில் அதன் நிறங்களைக் காண்கிறார். பிறகு பட்டைகளின் உயரத்தை ஒப்பிடுகிறார். பட்டையின் தலைமாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைக் கடைசியாகத்தான், அதுவும் ஐயம் எழும்போது மட்டும், படிக்கிறார். படத்தை ஆக்கியவரின் கவனமும் இதே வரிசையில்தான் செல்கிறது. நீலமா பச்சையா என்பதற்கு இரண்டு கூட்டங்கள் நடக்கும். எண்ணை எப்படி எழுதுவது என்பதற்காக எவரும் கூடியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எண் என்றால் எண்தானே, அதில் எழுத என்ன இருக்கிறது என்பது பொதுவான எண்ணம்.

தமிழ் கற்பிப்பவர்களாகிய நாங்களும் நெடுங்காலம் அந்த எண்ணத்தில்தான் இருந்தோம். இலக்கணம் படித்தவனுக்கு எழுத்து, கணக்குப் படித்தவனுக்கு எண் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட உலகம் இது. ஆனால் ஓர் இணையச் செயலியின் விளக்கப்படங்களைத் தமிழாக்கும் பணி சில பருவங்களுக்கு முன் எங்களிடம் வந்து சேர்ந்தபோது, சொற்களைவிட எண்களே எங்களை அதிகம் அலைக்கழித்தன. அந்த அலைச்சலில் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். படத்தின் மேல் எழுதிய எண்ணும் ஓர் எழுத்துதான்; அதற்கு எழுதுபவர் ஒருவரும் படிப்பவர் ஒருவரும் உண்டு; எழுதுபவர் இல்லாமலேயே அது எழுதப்பட்டுவிடும்போது படிப்பவர் துன்பப்படுகிறார் என்பதே நாங்கள் சொல்ல விரும்புவது.

இன்று நாம் காணும் வகையிலான விளக்கப்படங்களுக்குத் தந்தை என்று ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேரைச் சொல்வர். அவருடைய வணிக, அரசியல் விளக்கப்பட நூல் 1786-இல் வெளிவந்தது. அதில் டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளுடன் இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை நடத்திய ஏற்றுமதி இறக்குமதியைக் காட்டும் படம் ஒன்று உண்டு. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அந்தப் படம் புகழ்பெற்றது. படத்தின் அடியில் இருக்கும் ஒரு வரியை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. கீழ்க்கோடு ஆண்டுகளாகவும், வலப்பக்கக் கோடு பத்தாயிரம் பவுண்டுகளாகவும் பகுக்கப்பட்டிருக்கின்றன என்பது அந்த வரியின் பொருள். அத்தகைய படத்தை அதற்கு முன் பார்த்திராத வாசகரை மனத்தில் கொண்டு, அச்சிலுள்ள எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு முழு வாக்கியமாகவே அவர் எழுதி வைத்தார். எண் குறிப்பு என்பது வாசகரை நோக்கிச் சொல்லப்படும் சொல் என்ற தெளிவு, இந்தக் கலை பிறந்தபோதே அதனுடன் இருந்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளில் எங்கோ அதைத் தொலைத்துவிட்டோம்.

எங்கள் கல்லூரியில் மாணவர் வருகையைக் காட்டும் செயலி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வாங்கியது. மாணவர் தம் கைப்பேசியில் திறந்தால், பருவம் முழுவதற்குமான பாடவேளைகளில் தாம் எத்தனைக்கு வந்திருக்கிறார் என்பதை வளர்ந்துகொண்டே போகும் ஒரு பட்டையாகக் காணலாம். பட்டையின் மேல் விழுக்காடு எழுதியிருக்கும். நாளுக்கு ஐந்து பாடவேளை, பருவத்துக்குத் தொண்ணூறு நாள். ஆக 450 பாடவேளை. தேர்வெழுத 75 விழுக்காடு வேண்டும். கணக்குப் போட்டால் 337.5, அரைப் பாடவேளை என்று ஒன்று கிடையாதாகையால் 338.

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. மாலையில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவள். பண்டிகைக் காலத்தில் பகலிலும் கடைக்குப் போக நேர்ந்துவிடும். பருவத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் மாலையில் அவள் செயலியைத் திறந்து பார்த்தாள். 75% என்று எழுதியிருந்தது. மறுநாள் கல்லூரிக்கு வராமல் கடைக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் நுழைவுச்சீட்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"எழுபத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சுங்க ஐயா, நானே பார்த்தேன்" என்று கைப்பேசியை நீட்டினாள். அவள் சொன்னது உண்மை. அலுவலகத்தில் காட்டிய பதிவேடும் உண்மை. அவள் வந்திருந்த பாடவேளைகள் 336. அதை 450-ஆல் வகுத்தால் 74.67. படத்தின் மேல் எண்ணை எழுதிய நிரல் அதை அருகிலுள்ள முழு எண்ணுக்கு உயர்த்தி 75 என்று எழுதியது. நுழைவுச்சீட்டைத் தீர்மானிக்கும் நிரல் எதையும் உயர்த்தாமல் 74.67-ஐ 75-உடன் ஒப்பிட்டு, குறைவு என்று கண்டது. ஒரே செயலி ஒரே மாணவியிடம் இரண்டு எண்களைப் பேசியிருக்கிறது. கடைசி நாளில் இரண்டு பாடவேளை அமர்ந்திருந்தால் போதும். காண்டனேஷன் என்று எல்லோரும் வழங்கும் வருகைக் குறைவுக் கட்டணத்தைக் கட்டித்தான் அவள் அந்தப் பருவம் தேர்வெழுதினாள். துணிக்கடையின் பண்டிகைக் காலக் கூலி அதற்குச் சரியாகப் போயிற்று.

இதில் குற்றவாளி யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். எங்களுடன் இப்பணியில் இருந்த கணினித்துறைப் பேராசிரியை இதைப் பொறுமையாக விளக்கினார். உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு, எண்களை அந்தந்த நாட்டு வழக்கப்படி எழுதித் தருவதற்கென ஒரு தனித் தரமுறை இருக்கிறது. அதன் முதற்பதிப்பு 2012 டிசம்பரில் வெளிவந்தது. அதனிடம் ஓர் எண்ணைக் கொடுத்து, இதை விழுக்காடாக எழுது என்று மட்டும் சொன்னால், பதின்மப் புள்ளிக்குப் பின் எதுவும் இல்லாமல் முழு எண்ணாக எழுதித்தரும். வேண்டுமானால் இரண்டு இடம் வரை எழுதச் சொல்லலாம். இப்போது உயர்த்தாமல் கீழ்நோக்கி வெட்டச் சொல்லவும் வழி வந்துவிட்டது. ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஓர் இயல்புநிலை தேவைப்பட்டது. அது பூச்சியம் இடம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. தரமுறை வகுத்தவர்கள் எங்கள் கல்லூரி விதியை அறியமாட்டார்கள். நிரல் எழுதியவர் ஒன்றும் சொல்லாமல் விட்டார். கல்லூரி கேட்கவில்லை. ஆக, 75 என்ற அந்த எண்ணை எழுதியவர் என்று ஒருவர் இல்லை. ஆனால் அதைப் படித்தவள் ஒருத்தி இருந்தாள்.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் என்று எண்ண வேண்டியதில்லை. 1992 ஏப்ரல் 5 அன்று ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. ஐந்து விழுக்காட்டுக்குக் குறைவான வாக்குப் பெற்ற கட்சிக்கு இடமில்லை என்பது அங்கே பொதுவிதி. அன்றிரவு பசுமைக் கட்சியினர் 5.0 விழுக்காடு பெற்றதாக அச்சாகிய பட்டியல் காட்டியது. அவர்கள் சட்டமன்றத்துக்குள் நுழைந்துவிட்டதாகவே எல்லோரும் கருதினர். நள்ளிரவுக்குப் பிறகே உண்மை தெரிந்தது. அவர்கள் பெற்றது 4.97. பட்டியலை அச்சிட்ட நிரல், புள்ளிக்குப் பின் ஓரிடத்தோடு நிறுத்தி மேலே உயர்த்திவிட்டிருந்தது. பசுமைக் கட்சி வெளியேற, சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஓர் இடப் பெரும்பான்மை கிட்டியது. பேரவை ஒன்றின் பெரும்பான்மையும் துணிக்கடைப் பெண்ணின் நுழைவுச்சீட்டும் ஒரே வகையான எழுத்துப் பிழையில் சிக்கிக்கொண்டதைக் கண்டபோது எங்களுக்கு வியப்பைவிட அச்சமே மிகுந்தது.

அடுத்த சிக்கல் பேரெண்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. இதை நம் கண்கள் ஏழு கோடியே இருபத்தொரு இலட்சம் என்று ஒரே வீச்சில் படித்துவிடும். காற்புள்ளிகள்தாம் அப்படிப் படிக்க வைக்கின்றன. இதே எண்ணை 72,147,030 என்று எழுதினால், இலக்கங்கள் ஒன்றும் மாறவில்லை. ஆனால் நாம் வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணத் தொடங்கிவிடுகிறோம். காற்புள்ளி, ஒலிக்கப்படாத ஓர் உச்சரிப்புக் குறி. செய்யுளைச் சீர் பிரித்து அச்சிடுவதற்கும் தளையறியாமல் வெட்டி அச்சிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் இருக்கிறது.

விளக்கப்படத்தின் அச்சில் முழு எண்ணுக்கும் இடம் இராது, சுருக்கியாக வேண்டும். எங்கே சுருக்குகிறோமோ அங்கே மொழி நுழைந்துவிடுகிறது. நார்வே நாட்டில் உருவாகி உலகெங்கும் பயன்பட்டுவரும் ஹைசார்ட்ஸ் என்னும் வரைகலை நிரற்றொகுப்பு, ஒன்றும் சொல்லாவிட்டால், ஆயிரத்துக்குக் கே என்றும் பத்து இலட்சத்துக்கு எம் என்றும் நூறு கோடிக்கு ஜி என்றும் எழுதும். கிலோ, மெகா, கிகா என்ற அறிவியல் அளவை முன்னொட்டுகளே அவை. பொருளியல் மாணவர் ஒருவரின் திட்டப்பணியில், அரசு ஒதுக்கீடான 200 கோடி ரூபாய், அச்சில் 2ஜி என்று நின்றது. 2010 முதல் 2017 வரை அலைக்கற்றை வழக்குச் செய்திகளை நாளேட்டில் படித்துப் பழகிய நம்மவர்க்கு அந்த ஈரெழுத்து தரும் பொருளே வேறு. டி3 என்னும் மற்றொரு புகழ்பெற்ற தொகுப்பில் இதே அறிவியல் முறையைத் தேர்ந்தால், அரை என்பதை 500எம் என்று எழுதிக் காட்டும். இங்கே எம் என்பது மில்லி. சின்ன எழுத்து எம்மா பெரிய எழுத்து எம்மா என்று பார்க்கத் தவறியவர் அரையை ஐம்பது கோடி என்று படிக்கவும் கூடும்.

இவை ஆங்கில எழுத்துகளால் வந்த வினை, தமிழில் எழுதிவிட்டால் தீரும் என்று எங்கள் துறைத்தலைவர் கருதினார். சோதித்துப் பார்த்தோம். உலகமொழிகளின் எண், நாள், நாணய வழக்கங்களைத் திரட்டி யூனிகோடு கூட்டமைப்பு ஒரு தரவுக் களஞ்சியத்தைப் பேணி வருகிறது. உலாவிகள் அதைக்கொண்டே எழுதுகின்றன. நாங்கள் சோதித்த உலாவியில் தமிழ் என்று குறித்து 12,34,567 என்ற எண்ணை முழுமையாகக் கேட்டபோது, காற்புள்ளிகளை நம் வழக்கப்படி சரியாகவே இட்டது. அதே எண்ணைச் சுருக்கிக் கேட்டபோது 1.2 மில்லியன் என்றது. இந்தியில் கேட்டால் 12 இலட்சம் என்கிறது. விரித்தால் இலட்சம், சுருக்கினால் மில்லியன் என்று ஒரே மொழிக்குள் இரண்டு எண்முறைகள் குடியிருக்கின்றன.

மில்லியனை வெறுத்து இதை எழுதவில்லை. ஈழத் தமிழ் ஏடுகளில் மில்லியன், பில்லியன் என்ற சொற்கள் இயல்பாகப் புழங்குகின்றன. மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பதே பள்ளிப் பழக்கம். அவ்விரு நாட்டுத் தமிழுக்கு அந்தக் களஞ்சியமும் அப்படியே பிரிக்கிறது. ஒரு மொழிக்கு ஓர் எண்முறை என்று கொள்ள இயலாது. எந்த ஊர் வாசகருக்கு எழுதுகிறோம் என்ற கேள்வி முன்னே வந்து நிற்கிறது. எங்கள் வாசகர்கள் தமிழ்நாட்டு மாணவர்கள். அவர்கள் வீட்டில் நிலத்தின் விலையும் நகைக்கடனும் இலட்சத்தில்தான் பேசப்படுகின்றன. அவர்களுக்கு மில்லியன் என்று எழுதினால் அது தமிழெழுத்தில் எழுதிய அயற்சொல்லாக மட்டும் நில்லாமல், மனத்துக்குள் ஒரு பெருக்கல் கணக்கையும் சுமத்துகிறது.

களஞ்சியம் இன்னும் சுருங்கிய வடிவம் ஒன்றையும் வைத்திருக்கிறது. அதன்படி ஐயாயிரம் என்பது 5ஆ. ஆயிரத்தின் முதலெழுத்து ஆ. பழந்தமிழ் பயிலும் வகுப்பில் இதைக் காட்டினால் ஐந்து பசு என்றே பொருள் சொல்வர்! சிரித்து முடித்த பிறகு யோசித்தபோது, இதற்கு மேல் நல்ல சுருக்கம் எங்களுக்கும் எளிதில் கிட்டவில்லை. ஆங்கிலத்தில் தனியெழுத்து ஒரு சொல்லாவது அரிது. ஆகவே அதைக் குறியாக்குவது எளிது. தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் பல. ஆ பசுவாகும், கோ அரசனாகும், பூ மலராகும். கோடிக்குக் கோ என்று சுருக்கலாமே என்ற யோசனையைத் துறைத்தலைவரே முன்வைத்து, 7கோ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்து, ஏழு அரசர்கள் என்று அவரே படித்து, அவரே அழித்தார்.

தமிழ் எண்களையே பயன்படுத்தினால் என்ன என்ற ஆவலும் எங்களில் சிலருக்கு இருந்தது. தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. தமிழ் இலக்கங்கள் யூனிகோடில் உண்டு. பூச்சியமும் 2005-இல் சேர்க்கப்பட்டுவிட்டது. உலாவியிடம் ஒரு சொல் சொன்னால் அவற்றில் எழுதித் தருகிறது. எழுதச் செய்தோம். 75 என்பது ௭௫ என்று வந்தது. முதலாண்டு மாணவர்களிடம் காட்டியபோது ஒருவர் தயங்காமல் "எரு" என்று படித்தார். வகுப்பு சிரித்தது. ஏழைக் குறிக்கும் வடிவம் எகரத்தையும் ஐந்தைக் குறிக்கும் வடிவம் ரு என்ற எழுத்தையும் ஒத்திருப்பதால் வந்தது அது. படித்தவர் மேல் பிழையில்லை. தமிழெண்களின் மீது எங்களுக்குள்ள பற்று ஒருபுறம் இருக்க, தன் வருகையைத் தெரிந்துகொள்ள வந்த பிள்ளையை எழுத்து வரலாறு கற்கச் சொல்லி வாயிலில் நிறுத்துவது முறையாகத் தோன்றவில்லை. அந்த யோசனையைக் கைவிட்டோம்.

ஆனால் பழந்தமிழ்க் கணக்கு வேறொரு வாயில் வழியாக எங்களிடம் திரும்பி வந்தது. ஒரு படத்தின் அச்சில் 0.1, 0.2 என்று ஏறிவந்த எண், மூன்றாவது படியில் 0.30000000000000004 என்று நீண்டு பக்கத்துப் பட்டையின் மேல் விழுந்தது. நிரல் எழுதிய பேராசிரியை இதில் வியப்பேதும் கொள்ளவில்லை. கணிப்பொறிகள் பின்னங்களை ஈரடிமான முறையில் வைத்துக்கொள்கின்றன. 1985-இல் வகுக்கப்பட்ட ஒரு தரத்தை ஒட்டியே இன்றும் பெரும்பாலும் அது நடக்கிறது. பாதி, பாதியில் பாதி என்று பிளந்துகொண்டே போய்க் கிடைக்கும் பின்னங்கள் அதற்குத் துல்லியமாகத் தெரியும். பத்தில் ஒன்று அப்படிக் கிடைப்பதில்லை. மிக நெருங்கிய ஒரு மதிப்பை வைத்துச் சமாளிக்கிறது. கூட்டும்போது அந்தச் சிறு பிசகு வெளியே தெரிந்துவிடுகிறது.

எண்சுவடி அறிந்தவர்க்கு இது உடனே புலனாகும். திண்ணைப் பள்ளியில் ஓதிய பின்னவாய்பாட்டில் இரண்டு குடும்பங்கள் உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கிப் பதினாறில் ஒன்று வரை வருவது ஒரு குடும்பம். நாலுமா, இருமா, ஒருமா என்று ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று எனச் செல்வது மற்றொன்று. காணியும் முந்திரியும் அந்த வழியில் வருபவை. கணிப்பொறிக்கு முதற்குடும்பம் பிசகின்றித் தெரியும், இரண்டாவது தெரியாது. அதாவது மாகாணியைச் சரியாகச் சொல்லும் பொறி இருமாவில் தடுமாறுகிறது. முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரிக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் வைத்துக் கணக்கெழுதியவர்களின் மரபில் வந்தவர்களாகிய நாம், கணிப்பொறி துப்பும் பதினேழு இலக்கங்களைக் கண்டு அது பெருந்துல்லியம் என்று மயங்க வேண்டியதில்லை. அது அறியாமையின் நீளம். படத்தின் மேல் எழுதும்போது அதை வெட்டிவிடுவதே உண்மைக்கு நெருக்கமானது.

இங்கே ஒரு முரண் எழுவதை வாசகர் கவனித்திருக்கலாம். 74.67-ஐச் சுருக்கியது தவறு என்று சொல்லிவிட்டு, 0.30000000000000004-ஐச் சுருக்குவது சரி என்கிறோம். இதற்குப் பொதுவிதி ஏதும் உண்டா என்று நாங்கள் பல மாலைகள் பேசினோம். வருகைச் சிக்கலுக்குப் பிறகு, எப்போதும் கீழ்நோக்கியே வெட்டிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். 74.67 அப்போது 74 ஆகிவிடும், யாரும் ஏமாறமாட்டார்கள். வேதியியல் துறையினர் இதை மறுத்தனர். அவர்கள் மாணவர்கள் கிணற்று நீரின் ஃபுளோரைடு அளவைப் படமாக்கிக்கொண்டிருந்தனர். தருமபுரி போன்ற மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் தாக்கிய துன்பம் அது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராமை எல்லையாகவும் வைத்திருக்கிறது. 1.54 என்று அளந்த கிணற்றை ஓரிடத்துக்கு வெட்டினால் 1.5 ஆகிவிடும், எல்லைக்குள் வந்துவிட்டதாகப் படம் சொல்லும். அந்தப் படத்தைப் பார்ப்பவர் குடத்தை எடுத்துக்கொண்டு போவார். ஆகவே மேலே உயர்த்துவதா கீழே வெட்டுவதா என்பதற்குக் கணக்கில் விடையில்லை. எந்தப் பக்கம் தவறினால் எவருக்குக் கேடு என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எல்லைக்கோடு ஒன்று இருக்கும் படத்தில், எண் கடக்காத கோட்டை அதன் எழுத்தும் கடக்கக் கூடாது. எண் கடந்துவிட்ட கோட்டுக்குள் எழுத்து ஒளிந்துகொள்ளவும் கூடாது. நாங்கள் வந்தடைந்த ஒரே விதி அதுதான்.

இலக்கணக்காரர்களாகிய எங்களுக்கு உரிய வேலையும் இல்லாமல் போகவில்லை. வராதவர் பட்டியலின் படத்தில் "1 மாணவர்கள்" என்று வந்துகொண்டிருந்தது. ஒருமைக்கு ஒரு வடிவமும் மற்றவற்றுக்கு ஒரு வடிவமும் தர வேண்டும் என்று நிரலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணோடு பெயர் சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பது தமிழ் இலக்கணத்தின் பழைய கவலை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் குற்றியலுகரப் புணரியலில், எண்ணுப்பெயர்கள் தம்முள்ளும் பிற பெயர்களோடும் எப்படிப் புணரும் என்று மிக விரிவாகப் பேசுகிறார். ஐ, அம், பல் என முடியும் பேரெண்களின் பெயர்களையும் அவர் விடவில்லை. தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருவர். எண்ணை எழுதுவது எழுத்ததிகாரத்தைச் சேர்ந்த வேலை என்பதற்கு இதைவிட மூத்த சான்று நமக்கு வேண்டுமா?

இன்னொன்று, பூச்சியமும் வெறுமையும். இடையில் சேர்ந்த மாணவருக்கு முதல் மாதத்தில் தரவே இல்லை. படம் அதை 0 என்று எழுதியது. வரவே இல்லை என்பதும் கணக்கிலேயே இல்லை என்பதும் ஒன்றாகுமா? ஒரு சிறு கோட்டை இட்டு, பதிவு இல்லை என்று கீழே எழுதச் செய்தோம்.

இப்போது அந்த வருகைப் படத்தில் விழுக்காடு இல்லை. எங்கள் வேண்டுகோளின்படி 336 / 450 என்று இரண்டு எண்களையும் அப்படியே எழுதுகிறது. இலட்சங்களில் பேசும் படங்களில், இலட்சம் ரூபாயில் என்பதை அச்சின் தலைப்பில் ஒருமுறை முழுச்சொல்லாக எழுதிவிட்டு, குறிப்புகளில் 12, 14, 16 என்று வெறும் எண்களை நிறுத்தியிருக்கிறோம். ஆவும் கோவும் தேவைப்படவில்லை. விரலால் தொட்டால் காற்புள்ளியோடு முழு எண் தோன்றும். பிளேஃபேரைப் பின்பற்றி ஒவ்வொரு படத்தின் அடியிலும் எப்படிப் படிப்பது என்று ஒரு வாக்கியமும் எழுதினோம். வருகைப் படத்தின் அடியில், தேர்வெழுத 338 பாடவேளை வேண்டும் என்று நிற்கிறது.

இவ்வாண்டு சேர்ந்த மாணவர்கள் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, "எத்தனை வந்திருக்கோம்னு எதுக்குங்க ஐயா, இன்னும் எத்தனை வரணும்னு போடக்கூடாதா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரிதான். படத்தின் முன் நிற்கும் பிள்ளைக்கு வேண்டியது அந்த ஓர் எண் மட்டுமே. கழித்துப் போடக் கணிப்பொறிக்கு நொடியும் ஆகாது. அடுத்த பருவத்தில் பட்டையின் மேல் "இன்னும் 2" என்று எழுதச் சொல்லியிருக்கிறோம்.